காணிக்கை என் ஜிபே கணக்குக்கு வருகிறது, ஊழியத்தை விட்டுவிடலாமா?

கேள்வி (சுருக்கம்)

தென்மாவட்டச் சிறுநகரம் ஒன்றிலிருந்து 33 வயது சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். தனியார் நிறுவனத்தில் கம்ப்யூட்டர் வேலை, கணவர் தோஹாவில். 2020 ஊரடங்கில் ஆலயம் பூட்டப்பட்டபோது, தன் செல்போனை ஜன்னல் திண்டில் சாய்த்து வைத்து ஞாயிறு ஆராதனையை யூடியூபில் ஒளிபரப்ப ஆரம்பித்தார். காணிக்கை அனுப்ப வழி கேட்டவர்களுக்காக, அவசரத்தில் தன் சொந்த ஜிபே க்யூஆரையே திரையின் ஓரத்தில் போட்டார். ஆலயம் திறந்த பிறகும் அது போகவில்லை. இப்போது லேமினேட் செய்து வாசல் தூணில் ஒட்டியிருக்கிறது. மாதம் 12,000, 15,000 ரூபாய் அவருடைய சம்பளக் கணக்கில் வந்து விழுகிறது. மாதக் கடைசியில் ரொக்கமாக எடுத்துப் பொருளாளரிடம் கொடுத்து ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குகிறார். சில மாதங்களில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது. ஒரு முறை மகனின் ஸ்கூல் ஃபீஸுக்கு அந்தக் கணக்கிலிருந்து எடுத்து, சம்பளம் வந்ததும் சரிக்கட்டியிருக்கிறார். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட ஊர்க்காரர் ஒருவர் கிறிஸ்துமஸுக்கு 40,000 ரூபாய் அனுப்பியதும் இதே கணக்குக்குத்தான்.

மாற்றலாகி வந்த புதிய சேகரத் தலைவர் (சபைக்குப் பொறுப்பான போதகர்) கணக்கு கேட்டிருக்கிறார். கமிட்டியில் ஒரு பெரியவர், “அந்தப் பொண்ணு கணக்குல எவ்வளவு வந்துது, எவ்வளவு போச்சுன்னு யாருக்குத் தெரியும்?” என்று எல்லார் முன்னிலும் கேட்டுவிட்டார். அதே பெரியவர், ஆலயத்துக்குள் கேமராவே கூடாது என்று முதலிலிருந்து சொல்பவர்.

இன்னொரு சிக்கல். ஒரு தாய், பெண்கள் ஐக்கிய சங்க வாட்ஸ்அப் குழுவில் தன் மகளுக்காக ஜெபக் குறிப்பு அனுப்பியிருந்தார். மன அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறாள், ஜெபியுங்கள் என்று. நம் சகோதரி அதைப் பெயரோடு நேரலைத் திரையில் போட்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தாய் கேஸ் போடுவேன் என்கிறார். போதாக்குறைக்கு, பாடகர் குழு பாடிய கீர்த்தனைக்கு யூடியூபிலிருந்து காப்பிரைட் அறிவிப்பு.

“கர்த்தருக்கென்று செய்த வேலைக்குச் சட்டம் என்னைக் குற்றவாளி ஆக்குமா? அந்தப் பெரியவர்மேல் மானநஷ்ட வழக்குப் போடலாமா? இத்தனை வருஷத்தில் ஓர் ஆராதனையிலும் நான் கண்ணை மூடி ஜெபித்ததில்லை. எல்லாவற்றையும் விட்டுவிடவா?” என்று கேட்கிறார்.

வழக்கறிஞர் பதில்

அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் ஐந்தாறு பிரச்சினைகள் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். சபை செய்யவேண்டிய காரியம் முழுவதும் உங்கள் பெயரில், உங்கள் போனில், உங்கள் கணக்கில் நடக்கிறது. ஊரடங்கு நேரத்தில் அது தேவைப்பட்டது, சரி. ஆலயம் திறந்த பிறகும் சபை அதைத் தன் கைக்கு வாங்கவில்லை, நீங்களும் கொடுக்கவில்லை. இனி செய்யவேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக உங்கள் பெயரிலிருந்து சபையின் பெயருக்கு மாற்றுவதுதான்.

முதலில் பயத்தைக் குறைக்கிறேன். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவு சொல்லும் நம்பிக்கை மோசடிக்கு, நேர்மையற்ற எண்ணம் இருந்ததாகக் காட்டியாக வேண்டும். மாதாமாதம் எடுத்துக் கொடுத்தவர், நோட்டில் கையெழுத்து வாங்கியவர் என்பது உங்களுக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் “கர்த்தருக்கென்று செய்தேன், அதனால் சட்டம் என்னைத் தொடாது” என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பணம் யாருடையது, எங்கே போயிற்று என்று கேட்டால் உங்கள் பக்தி அதற்குப் பதிலாகாது, தாள்தான் பதில்.

அந்த ஸ்கூல் ஃபீஸ் விஷயத்தை நீங்கள் ஒரு வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். நான் அப்படிக் கடக்க முடியாது. “திருப்பி வைத்துவிட்டேனே” என்பது முழு விடை ஆகாது. நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்திருந்தால், கொஞ்ச நாளைக்கு மட்டும் எடுத்தாலும் அது கையாடல்தான் என்று அதே சட்டத்தின் 314-வது பிரிவின் விளக்கம் சொல்கிறது. உங்கள் சம்பளமும் காணிக்கையும் ஒரே கணக்கில் கலந்திருப்பதால், அன்றைக்கு யாருடைய பணத்தை எடுத்தீர்கள் என்பதே கேள்வி. ஃபீஸ் கட்டிய நாளின் இருப்பைப் பாருங்கள். சபைக்குச் சேரவேண்டிய தொகைக்குக் கீழே இருப்பு இறங்கவில்லை என்றால், எடுத்தது உங்கள் பணம்தான் என்று காட்ட முடியும். இறங்கியிருந்தால், அதைச் சேகரத் தலைவரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். யாரோ கண்டுபிடித்துக் கேட்கும்போது சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

இந்த வாரமே

வரும் ஞாயிறுக்கு முன்னால் வாசல் தூணில் இருக்கும் க்யூஆரை எடுத்துவிடுங்கள். சேகரத்தின் வங்கிக் கணக்குக்கே யூபிஐ க்யூஆர் கேட்டு வாங்கலாம். வங்கியில் செய்து தருவார்கள். அது வரும்வரை உண்டியலும் காணிக்கைப் பையும் போதும்.

அடுத்து, 2020-லிருந்து இன்றுவரை முழு வங்கி ஸ்டேட்மென்ட்டை வாங்குங்கள். மாதவாரியாக ஒரு பட்டியல் போடுங்கள்: வந்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, எந்தத் தேதி, கையெழுத்து உண்டா இல்லையா. கையெழுத்து இல்லாத மாதங்களை மறைக்காமல் “இல்லை” என்றே எழுதுங்கள். அந்த மாதங்களில் ரொக்கம் எடுத்த தேதியும், ஆலயக் கணக்கில் வரவு வைத்த தேதியும் பொருந்துகிறதா என்று பொருளாளரோடு உட்கார்ந்து பார்க்கலாம். பட்டியலின் பிரதியைச் சேகரத் தலைவரிடமும் செயலாளரிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

பிறகு கமிட்டி ஒரு தீர்மானம் போடவேண்டும்: இந்தக் காலத்தில் இந்தச் சகோதரி சபையின் சார்பாகக் காணிக்கை பெற்றார், கணக்கு ஒப்படைத்தார் என்று. அதில் இன்றைய தேதிதான் இருக்கவேண்டும். “பழைய மினிட்ஸில் ஒரு வரி சேர்த்துவிடலாம்மா” என்று யாராவது அன்பாகச் சொல்வார்கள். வேண்டாம். இதுவரை இல்லாத குற்றம் ஒன்று அந்த ஒரு வரியில் வந்துவிடும்.

வரியைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, நான் சொல்லவேண்டியிருக்கிறது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் இனாமாகப் பணம் வந்தால், பொதுவாக அது வாங்கியவரின் வருமானமாகக் கணக்கிடப்படும். மாதம் 12,000 என்றாலே ஆண்டுக்கு 1,44,000 ஆகிவிடுகிறது. அது உங்கள் பணமல்ல, சபைக்காக வாங்கிக் கொடுத்தது என்று நிரூபிக்க, மேலே சொன்ன பட்டியலும் தீர்மானமும்தான் உதவும். ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

சிங்கப்பூர்ப் பணம் வேறு விஷயம்

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது இந்த 40,000 ரூபாய்தான். “அவர் நம் ஊர்க்காரர்தானே” என்கிறீர்கள். ஊரைச் சட்டம் பார்ப்பதில்லை, பாஸ்போர்ட்டைப் பார்க்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன், தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. உங்கள் கணவர் தோஹாவிலிருந்து சபைக்கு அனுப்பினால் பிரச்சினை இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. 2010-ம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ), மத காரியத்துக்காக அதை வாங்கப் பதிவு அல்லது முன் அனுமதி தேவை. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு உள்ளவர்களே டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க முடியும். வாங்கியதை இன்னொருவருக்குக் கைமாற்றுவதையும் அந்தத் திருத்தம் தடுத்துவிட்டது.

ஆகவே பதற்றத்தில் அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பவோ வேறு கணக்குக்கு மாற்றவோ வேண்டாம். எஃப்சிஆர்ஏ வேலை செய்யும் ஆடிட்டரையோ வழக்கறிஞரையோ பாருங்கள். தெரியாமல் நடந்த மீறல்களைக் கட்டணம் கட்டித் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு உள்துறை அமைச்சகத்தில் உண்டு. அந்த அண்ணனிடமும் இனி அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போங்கள்

“அம்மாவே அனுப்பியதுதானே” என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அனுப்பியது தெரிந்த பெண்கள் சிலர் இருக்கும் ஒரு குழுவுக்கு. யூடியூபுக்கு அவர் சம்மதம் தரவில்லை. அதைவிட முக்கியம், மகள் மேஜர். அவளுடைய நோயைப் பற்றிச் சொல்லும் உரிமை அவளுக்குத்தான்; தாய்க்கே முழுமையாகக் கிடையாது. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-ல் சொன்ன தீர்ப்பை வைத்து இன்று சிவில் வழக்கு வரை போகலாம். கிரிமினல் அவதூறு நிற்குமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். பெயரைக் கெடுக்கும் எண்ணம் உங்களுக்கு இல்லை. ஆனால் “உண்மையைத்தானே போட்டேன்” என்று மட்டும் எங்கும் சொல்லாதீர்கள். கிரிமினல் அவதூறில் உண்மை என்பது மட்டும் போதாது, பொது நன்மையும் இருக்கவேண்டும். அவளுடைய மாத்திரையில் என்ன பொது நன்மை?

வீடியோவை இன்றே பிரைவேட் ஆக்குங்கள். ஒரேயடியாக அழிக்கவேண்டாம், கேஸ் என்ற பேச்சு வந்துவிட்டதால், சாட்சியத்தை அழித்ததாக ஆகக்கூடாது. பிறகு நேரில் போய் அந்த மகளிடம் பேசுங்கள், தாயிடம் மட்டும் அல்ல. குழுவில் மன்னிப்புச் செய்தி போடாதீர்கள். போட்டால் தெரியாத நாலு பேருக்கும் தெரிந்துவிடும். மாப்பிள்ளை வீட்டாரிடம் விளக்கம் சொல்லப் போகவேண்டாம், அவர்கள் கேட்டுக்கொண்டால் ஒழிய.

இனி திரையில் ஜெபக் குறிப்பு போடுவதானால் பெயரும் நோயும் வேண்டாம். “சுகவீனமாயிருக்கும் நம் சபையார்” என்றால் ஆண்டவருக்கு விளங்காமல் போகாது. எச்ஐவி போன்றவற்றில் ஒப்புதல் இல்லாமல் நிலையை வெளியிடுவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் நேரடியாகவே தடை செய்கிறது.

கேமரா யாரைக் காட்டுகிறது?

இதை நீங்கள் கேட்கவில்லை. நேரலை நடத்தும் சபைகள் பலவும் யோசிப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நற்கருணைக்கு வரிசையில் வருகிறவர்களின் முகத்தை நேரலையில் காட்டுகிறீர்கள். வீட்டில் சொல்லாமல் ஆலயம் வருகிறவர்கள் எல்லாச் சபையிலும் சிலராவது இருப்பார்கள். புகுந்த வீட்டுக்குத் தெரியாத மருமகள் இருப்பார். சாதிச் சான்றிதழ் போய்விடுமோ என்று வெளியே சொல்லாதவரும் இருப்பார். 1950-ம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர்க்கு மட்டும்தான். 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவருக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் ஞானஸ்நானம் பெற்றதையும் தவறாமல் ஆலயம் போனதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. அந்த ஆணை நியாயமா என்பது பெரிய விவாதம். அதில் என் கருத்து ஒருபுறம் இருக்கட்டும். எப்படியானாலும், ஒருவர் எங்கே மண்டியிடுகிறார் என்பதை ஊருக்குச் சொல்ல உரிமை அவருக்குத்தான், நம் கேமராவுக்கு இல்லை. பீடத்தையும் பிரசங்க மேடையையும் மட்டும் காட்டுங்கள். நற்கருணை நேரத்தில் ஒலி மட்டும் போகட்டும். “இங்கே நேரலை நடக்கிறது, இந்தப் பக்கப் பெஞ்சுகள் கேமராவில் வராது” என்று வாசலில் ஒரு பலகை வையுங்கள்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் வீடியோவுக்குப் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 2023-ம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசத்தோடு. அதற்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. ஆனால் குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளுக்குப் புத்தாடை கொடுக்கும் கிறிஸ்துமஸ் வீடியோ இருந்தால், அதை உடனே எடுத்துவிடுங்கள். பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல எண்ணத்தோடு இதை மீறாத சபைகள் குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

காப்பிரைட் அறிவிப்புக்குப் பெரிதாகப் பயப்படவேண்டாம். உங்களுக்கு வந்தது இயந்திரம் தானாக ஒப்பிட்டுப் போடும் ‘க்ளெய்ம்’; உரிமையாளர் புகார் செய்து வீடியோவையே நீக்கவைக்கும் ‘ஸ்ட்ரைக்’ அல்ல. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வந்தால்தான் சானல் போகும். நம் ஆலயங்களில் பாடும் கீர்த்தனைகள் பலவற்றை இயற்றிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1864-ல் மறைந்தவர். அவர் கீர்த்தனைகளுக்கு இன்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. உங்கள் பாடகர் குழு தன் குரலில் பாடியிருந்தால் அங்கேயே மறுப்புத் தெரிவியுங்கள். எதிர்த் தரப்பு 30 நாளில் பதில் சொல்லவேண்டும். ஆனால் கடையில் வாங்கிய ட்ராக்கை ஓடவிட்டுப் பாடியிருந்தால், அந்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. மதச் சடங்கின்போது பாடுவதற்குக் காப்பிரைட் சட்டத்தின் 52-வது பிரிவு விலக்கு தருகிறது. ஆராதனை முடிந்து மாதக்கணக்கில் சானலில் கிடக்கும் வீடியோவுக்கும் அது நீளும் என்று நம்பி இருக்காதீர்கள்.

அந்தப் பெரியவரும், உங்கள் கடைசிக் கேள்வியும்

மானநஷ்ட வழக்கு வேண்டாம். அவர் கேட்ட விதம் தவறு; எல்லார் முன்னாலும் ஒரு பெண்ணை அப்படிப் பேசியது அநியாயம். கேட்ட கேள்வி தவறல்ல. சபையின் பணத்தைப் பற்றிக் கமிட்டி உறுப்பினர் கமிட்டியில் கேட்பதை அவதூறு என்று நீதிமன்றம் எளிதில் ஏற்காது. எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைப் பவுல் அனுப்பியபோது, யாரும் குறை சொல்லக்கூடாது என்று சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் கூட அனுப்பினார். இரண்டாம் கொரிந்தியர் 8-ம் அதிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். பவுலுக்கே தேவைப்பட்டது நமக்கும் தேவைதான். அந்தப் பெரியவர் தன் வார்த்தைக்கு வருத்தம் தெரிவிக்கவேண்டும் என்று சேகரத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள், ஆனால் கணக்கைக் கொடுத்த பிறகு. கேமராவே கூடாது என்கிறாரே, அதற்குச் சண்டை வேண்டாம். இந்திய மொழி ஒன்றில் இங்கேயே அச்சான முதல் நூல், 1578-ல் கொல்லத்தில் வந்த தமிழ்ச் சமயப் புத்தகம்தான் என்று மட்டும் சொல்லுங்கள். நம் சபைகள் கருவிகளுக்குப் பயந்து வளரவில்லை.

விட்டுவிடவா என்றால், இப்போது வேண்டாம். கணக்கை ஒப்படைக்காமல் விலகினால் ஓடிப்போனதாகத்தான் ஊர் பேசும். ஒப்படைத்து, தீர்மானமும் கையில் வந்த பிறகு உங்கள் இஷ்டம். அதற்குள் சானலை நடத்தும் பொறுப்பில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள்; வாலிபர் சங்கத்தில் ஆள் இருக்கும். முறை போட்டுக்கொண்டால் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் உங்களுக்கு வரும்.

ஜெபிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பதில் சொல்ல நான் போதகர் இல்லை. ஒலி மட்டத்தின் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டு பாவ அறிக்கை சொல்வது கஷ்டம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். முறை இல்லாத ஞாயிறுகளில் போனை வீட்டில் வைத்துவிட்டு, பாமாலைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடுப் பெஞ்சில் போய் உட்காருங்கள். யாராவது வந்து “அக்கா, சவுண்டு வரல” என்று காதில் சொல்வார்கள். அந்த வாரப் பையனைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

ஆடிட்டரிடம் போகும்போது ஸ்டேட்மென்ட், கையெழுத்து நோட்டு, அந்த 40,000 வந்த நாளின் வங்கிக் குறிப்பு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். தாயிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் ஏதும் வந்தால் நீங்களாகப் பதில் எழுதவேண்டாம். பிரதியை எனக்கு அனுப்புங்கள்.